எடை கேட்ட மாமா

என் அக்காவின் கணவரிடம் எந்தப் பொருளைப் பழுதுபார்க்கக் கொடுத்தாலும் அது கொஞ்சம் இளைத்துத்தான் திரும்பி வரும். மின்விசிறியைக் கொடுத்தால் முன்பக்கத்துக் கம்பி வலை இல்லாமல் வரும். அம்மாவின் மிக்சி, அடியில் இருந்த ரப்பர் கால்கள் இல்லாமல் வந்தது. சுவிட்சைப் போட்டால் மேசைமேல் தானாக நடந்து போகும். ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டால், மிச்சமான திருகாணிகளை பிஸ்கட் டின்னில் போட்டு நம் காதருகே குலுக்கிக் காட்டுவார்.

“ஓடுதா இல்லயா? இது இல்லாமயே ஓடுதுனா, அப்பறம் இது எதுக்கு லா?”

கார் வாங்குவதற்கு முன் நான் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் சங்கிலி மூடியையும் அந்த நியாயப்படிதான் எடுத்தார். ஒரு நாள் செனாவாங் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும்போது துப்பட்டா சங்கிலியில் சிக்கி, சிவப்பு விளக்கில் நின்ற அத்தனை பேர் பார்க்க விழுந்தேன். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு கை பார்த்துவிடுவது என்று கட்டுப் போட்ட கையோடு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “நீ துப்பட்டாவ கழட்டியிருக்கணும், சின்னப்புள்ள.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதரிடம் அதுதான் தொல்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் போனவள், அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பி வருவேன்.

எனக்கு நாற்பது வயதாகியும் நான் அவருக்குச் சின்னப்புள்ளதான். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளிப் போனால் வரும் ஒரு பாமாயில் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர்களையும் லாரிகளையும் பார்த்துக்கொள்ளும் பட்டறை அவர் கையில் இருந்தது. அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் அவர் அப்பா பால் லாரி ஓட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக செனாவாங், ரஹாங் என்று டவுன் பக்கம் போய்விட்டார்கள். தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய லயத்து வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அக்காவும் போகத்தான் ஆசைப்பட்டாள். மாமா அசையவில்லை.

“டவுன்ல போய் நான் எஞ்சின முறுக்குனா பக்கத்து வூட்டுக்காரன் போலீஸ்ல சொல்வான். இங்க யாரு இருக்கா? செம்பனைக்கு காது கேக்காது.”

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதுமில்லை.

மாமாவுக்கு இன்னொரு பழக்கம், எதைப் பார்த்தாலும் எடை கேட்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாலையைக் கையில் தூக்கிப் பார்ப்பார். பசாரில் மீன்காரரிடம் விலைக்கு முன்னால் எடை. தோட்டத்தில் செம்பனைக் குலைகளை நிறுக்கும் தராசு பட்டறைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு அதில் அவர் நிறுக்காத சாமான் இல்லை. என் கல்லூரிக் காலத்துச் செருப்பைக்கூட நிறுத்து, இது கனம், இப்படி நடந்தால் முழங்கால் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூர்ப் பணக்காரர்கள் சூப்பர் கார்களை ஓட்டிக்கொண்டு போர்ட்டிக்சன் கடற்கரைக்கு வருவார்கள். லுக்குட் முச்சந்தியில் அவர்கள் தேநீர் குடிக்க நிறுத்துவதுண்டு. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் கார்கள். சனம் கூடிவிடும். போட்டோ எடுப்பார்கள், விலை கேட்பார்கள். ஒருமுறை நானும் அக்காவும் கூட இருந்தோம். மாமா கும்பலை விலக்கிக்கொண்டு போய், ஆரஞ்சு நிறக் காரின் சொந்தக்காரரிடம் மலாயில், “பெராட் பெராப்பா?” என்று கேட்டார். எடை எவ்வளவு என்று.

அந்த ஆளுக்குத் தெரியவில்லை. வாங்கி ஓட்டுகிறவருக்கே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே தோளைக் குலுக்கினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினார். தோட்டத்து மண்சாலையில் திரும்பியதும் சொன்னார். “அந்த காடி ஒன்றர டன்னு இருக்கும். நம்ம காடி ஒரு டன்னு கூட இல்ல, கழட்டுனா இன்னும் கொறயும். பாதி எடைக்கு பாதி பவர் போதும். அவன் போற வேகம் நாமளும் போலாம்.”

“போய்?” என்று அக்கா கேட்டாள்.

“போய்னா?”

“போய் என்னங்க பண்றது?”

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை என்று நினைக்கிறேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நான் மொழிபெயர்த்துச் சொல்வேன் என்பதுபோல.

நம்ம காடி என்று அவர் சொன்னது ஒரு பழைய ஜப்பான் ஹேட்ச்பேக். பின்கதவு மேலே திறக்கும், சின்னதாக, மொச்சைக்கொட்டை மாதிரி. அக்கா அதில்தான் பசாருக்குப் போவாள், கோயிலுக்குப் போவாள், எங்கள் வீட்டுக்கு வருவாள். வாங்கின புதிதில் அதைத் தோட்டத்து முனியாண்டி கோயிலில் நிறுத்திப் பூசை போட்டார்கள். பூசாரி சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். முன்னால் முனியாண்டி படத்தை ஒட்டினார். சாமி இருக்கிற வண்டியில் செருப்பு ஏறக்கூடாது என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் காரில் ஏறுவார்கள். மாமா வெளியே போயிருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் போன் போட வேண்டாம். கார் நின்ற சிமெண்டுத் தரையில் அவருடைய நீலச் செருப்பு இரண்டும் தனியாகக் கிடக்கும்.

அந்தக் காருக்குத்தான் டர்போ வைத்தார். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களை விற்கிற கடையில் ஒரு எஞ்சினைப் பிடித்தார். டர்போவை எனக்கு விளக்க அவர் பட்ட பாடு!

“எஞ்சின் விடற பொக சும்மா வெளிய போவுது பாரு. அதுக்கு முன்னால ஒரு காத்தாடிய வச்சா சுத்தும். அது இன்னொரு காத்தாடிய சுத்தி, வெளிக் காத்த அள்ளி எஞ்சின் வாயில திணிக்கும். நெறய காத்து, நெறய பெட்ரோல், நெறய வெடி. அவ்ளோதான். வீணாப் போறதுல ஓடுது மா. அதான் எனக்கு அத புடிக்கும்.”

“சூடு?” என்றேன். எங்கள் தொழிற்சாலையில் சூடு பார்ப்பதுதான் என் வேலை. சர்க்யூட் பலகைகள் சூட்டில் தாங்குகின்றனவா என்று சோதிக்கிற பிரிவில் இருக்கிறேன்.

“சூடு இருக்கத்தான் செய்யும். முறுக்குனா டர்போ செவந்துரும். அழகா இருக்கும்.”

பவர் ஏறியது. அடுத்தது எடை. முதலில் பின்சீட்டு போனது. பிறகு ஏர்கண்டிஷன், ரேடியோ, கதவுகளின் உள்பக்கத்து அட்டை. தரை விரிப்பைக் கிழித்து எடுத்தார். அதற்கு அடியில் சத்தத்தையும் சூட்டையும் தடுக்க ஒட்டியிருந்த தார் அட்டையை உளியால் செதுக்கி எடுத்தார். ஒவ்வொன்றையும் குலைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, எத்தனை கிலோ என்று அக்காவிடம் சமையலறை ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்வார். அக்கா, “சரிங்க,” என்பாள்.

ஒரு நாள் அவள் உட்காருகிற முன்சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அங்கே இருந்தேன்.

“சீட்டு பதினேழு கிலோ,” என்றார். “அதுல உக்கார்ற ஆளு எழுபது.”

அது கேலிதான். ஆனால் அக்கா மாவு பிசைந்த கையோடு வாசலில் நின்று கேட்டுவிட்டாள். மறுநாள் அந்தச் சீட்டைத் துடைத்து, ஹாலில் டிவிக்கு எதிரே போட்டுக்கொண்டாள். சீட்டு பெல்ட்டோடு. அதற்குப் பிறகு அவள் பசாருக்குப் போனது பக்கத்து வீட்டுப் பெண்ணின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உன் காடி டி அது. நீ கேக்க மாட்டியா?” என்றேன். “எறங்குன எடம் நல்லா மெத்துனு இருக்கு, உக்காந்து பாரு,” என்றாள். அவள் அப்படித்தான்.

கழற்றியதை எல்லாம் மாமா வீட்டுக்குப் பின்னால் குவித்து வைத்தார். அக்கா வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வாள். விரிப்பு நாய்க்கு மெத்தையானது. காரின் அடியில் புகைக்குழாய்க்கும் தரைக்கும் நடுவே சூடு மறைக்க ஒரு அலுமினியத் தகடு இருந்தது; அதையும் மாமா எடுத்துவிட்டார். அதை அக்கா கழுவி, அடுப்புக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். ஜன்னல் காற்றில் அடுப்பு அணைந்துகொண்டிருந்தது, இப்போது அணையவில்லை என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

புதுப் புகைக்குழாயை லுக்குட்டில் ஒரு சீனர் எக்ஸோஸ் கடையில் பற்றவைத்தார்கள். வளைவு இருந்தால் நீளம், நீளம் இருந்தால் எடை என்று சொல்லி, குழாயை ஓட்டுநர் காலுக்கு நேர் கீழே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார் மாமா. கடைக்காரத் தவுக்கே வேலையை நிறுத்திவிட்டு, “பானாஸ் லா, அண்ணே. காக்கி மாசாக்,” என்றாராம். சூடு, கால் வெந்துவிடும் என்று. மாமா அதை எங்களிடம் நடித்துக் காட்டிச் சிரித்தார்.

“அவரு பயந்தவரு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியல.”

ஒன்றுமே தெரியாது. எப்படித் தெரியும்? மாமாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. எங்கள் சனத்தில் அது இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். என் அப்பா அதில்தான் முதலில் விரல்களை, பிறகு பாதத்தை, பிறகு உயிரை விட்டார். அப்பாவின் காலில் ஆணி குத்தியதே அவருக்குத் தெரியாமல் மூன்று தெரு நடந்து வந்ததை அக்காவும் நானும் பார்த்திருக்கிறோம். அதனால் மாமாவுக்கு அது வந்ததும் நாங்கள் இருவரும் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தினமும் அவர் குளித்து வந்ததும் அக்கா தரையில் உட்கார்ந்து அவர் உள்ளங்காலை மடியில் வைத்துப் பார்ப்பாள். விரலிடுக்குகளைத் துடைப்பாள். பாதத்தில் பென்சிலால் கோடு போட்டு, தெரிகிறதா என்று கேட்பாள். தெரிகிறது என்பார். மேலே சீலிங்கைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

மாத்திரைகளிலும் அவர் கை வைத்தார். கிளினிக்கில் கொடுத்தது மூன்று வகை. ஒரு நாள் சாப்பாட்டின்போது என்னிடம் பெருமையாகச் சொன்னார், “மூணுல ஒண்ண கழட்டிட்டேன். பாரு, ஓடுது.”

“மாமா, ஒடம்பு என்ன காடியா?”

“எல்லாம் காடிதான் சின்னப்புள்ள. எழுதிக் குடுக்கறவன் பயத்துல கூட ரெண்டு சேத்துதான் குடுப்பான். கம்பெனிக்காரன் போடற தகடு மாதிரி.”

நான் சொல்லாத வார்த்தை இல்லை. அப்பாவைச் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். வீட்டுப் பக்கம் வர மாட்டேன் என்று மிரட்டி, இரண்டு வாரம் வராமலும் இருந்து பார்த்தேன். “எங்க சின்னப்புள்ளய காணோம்?” என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த பலன்.

செருப்பாவது போட்டுக்கொண்டு ஓட்டுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். முகம் மாறிவிட்டது. “சாமி இருக்கற வண்டி,” என்றார். அத்தனையையும் கழற்றிப் போட்ட மனிதர் அந்த முனியாண்டி படத்தை மட்டும் தொடவில்லை. இதற்கு எடை இல்லையா மாமா என்று சீண்டினேன். “சாமிக்கு ஏது எட?” என்றார். நிஜமாகவே கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். காலையிலேயே செருப்பு மட்டும் கிடந்தது, காரைக் காணோம். “ஐவேக்கு போயிருக்காரு,” என்றாள் அக்கா. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் யாராவது குறுக்கே வந்தால், டயர் வெடித்தால் என்றெல்லாம் என் மனசு போய்க்கொண்டிருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு தூரத்தில் செம்பனைகளுக்கு நடுவே அந்த விசில் சத்தம் கேட்டது. டர்போ மூச்சு விடுகிற சத்தம். அக்கா கத்தியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா உள்ளே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை. கையில் போன். எங்கள் இருவரையும் ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போய், காரின் கண்ணாடியில் போனை ஒட்டி வைத்து எடுத்த வீடியோவைக் காட்டினார். முன்னால் அதே ஆரஞ்சு நிறக் கார். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. பக்கத்தில் வருகிறது. வேகம் காட்டும் சின்னப் பெட்டியில் எண்கள் ஏறுகின்றன, இருநூற்று நாற்பது, இருநூற்று அறுபது. இரண்டு கார்களும் ஒரே கோட்டில் போகின்றன. இருநூற்று எழுபத்தெட்டு. பக்கத்துக் காரில் இருந்தவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார்.

“பாத்தியா? பாத்தியா சின்னப்புள்ள? பசாருக்கு போற காடி லா இது.” அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. “இன்னும் இருக்கு. முந்நூறு போவும்.”

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? பால் லாரிக்காரர் மகன், வெட்டிப் போட்ட எஞ்சினை வைத்து அந்தக் காரின் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். கைதட்டினேன்.

அக்கா வீடியோவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து ஹால் வரைக்கும் வெள்ளைத் தரையில் ஒரு குதிகாலின் ஈரத் தடம், ஒன்றுவிட்டு ஒன்றாக வந்திருந்தது. எண்ணெய் என்று நினைத்திருப்பாள். குனிந்து துணியால் துடைத்தாள். துணியில் இளஞ்சிவப்பாக வந்தது.

“கால காட்டுங்க,” என்றாள்.

வலது குதிகாலில் தோல் கொப்புளித்து, கிழிந்து, பையாகத் தொங்கியது. அடியில் வெந்திருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா தன் காலை யாருடையதோ மாதிரி பார்த்தார். அப்புறம் டிவி மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, நான் தடுப்பதற்குள் தொங்கின தோலை நறுக்கிவிட்டார்.

“தோலுதான. வேண்டாதது,” என்றார். முகம் கொஞ்சம்கூடச் சுளிக்கவில்லை. நான் கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றோம். போனால் படுக்க வைத்துவிடுவார்கள், முந்நூறு பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அக்கா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினாள். நான் கிளினிக் மருந்து வாங்கி வந்து கொடுத்தேன். சீக்கிரமே அக்காவிடம் காலைக் காட்டுவதை நிறுத்திவிட்டார். ஆறிவிட்டது என்றார். வாழ்நாளில் காலுறை போடாத மனிதர் வீட்டுக்குள் காலுறையோடு நடந்தார். அக்கா மடியை விரித்து உட்காருவாள், அவர் பட்டறைக்குப் போய்விடுவார். வீட்டில் ஒரு வாடை இருந்தது. எலி செத்திருக்கிறது என்று சொல்லி, அவரே அலமாரியை நகர்த்தித் தேடியிருக்கிறார்.

ஒரு மாலை அக்கா என் தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். மாமாவுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, காலுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டேன் என்றாள். குதிகால் கறுத்துவிட்டதாம். ஆம்புலன்ஸ் வேறு பக்கம் போயிருக்கிறதாம், நேரமாகுமாம். வாசலில் கார் நிற்கிறது. எங்கள் பக்கத்திலேயே அதைவிட வேகமான கார் கிடையாது. ஆனால் அதில் ஒரு சீட்டுதான் இருந்தது. அக்காவால் அந்தக் கிளட்சை மிதிக்க முடியாது; அவ்வளவு இறுக்கமாக மாற்றி வைத்திருந்தார். மிதிக்க முடிந்தாலும் அவரை எங்கே உட்கார வைப்பாள்?

அது ஷிப்டு மாறுகிற நேரம். செனாவாங் சாலைகள் முழுக்க மோட்டார் சைக்கிள்கள். என் பழைய காரை நான் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்து ஓட்டினேன். நான் போய்ச் சேரும்வரை மாமா ஹாலில் அந்தக் கார் சீட்டில் சாய்ந்து கிடந்தார். விழுந்துவிடாமல் இருக்க அக்கா அவருக்கு பெல்ட்டை மாட்டிவிட்டிருந்தாள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்தார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் அம்மா ஆரம்பித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மயக்கம் தெளிந்ததும் மாமா போர்வையைப் பார்த்தார். ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நர்ஸ் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயசு. அவரைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டார், “பெராட் பெராப்பா?”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அக்கா வார்டுக்கு வெளியே போய்விட்டாள். நானும் சிரிக்கவில்லை. என் நினைவில், அவர் எடை கேட்டு நான் சிரிக்காத முதல் தடவை அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு கையால் இயக்குகிற ஆக்சிலேட்டர் செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கால் போனதில் எடை குறைந்திருக்கிறது, முந்நூறு நிச்சயம் என்றார். பட்டறையிலிருந்து யாரோ கம்பியும் லீவரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன. அடுத்து சிறுநீரகம் என்றார்கள். ரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் பாதி நாள் என் கார். மாமா பின்சீட்டில் சாய்ந்துகொண்டு வருவார். என் காரில் மெத்தை இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, தரையில் விரிப்பு இருக்கிறது. அதில் எதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவர் சொல்லியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு. எடை கேட்காத மாமாவை வைத்துக்கொண்டு ஓட்டுவது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

இடது காலிலும் விரல்கள் கறுத்துவிட்டன என்று தெரிந்த வாரம், காலையில் நான் போனபோது, “காடியில உக்காரணும்,” என்றார்.

இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. நானும் அக்காவும் தூக்கிக்கொண்டு போனோம். அவ்வளவு லேசாக இருந்தார். வாசலில் அக்கா ஒரு நிமிஷம் நிறுத்தி, அவருடைய இடது காலில் இருந்த செருப்பைக் கழற்றிச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். பிறகு ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தோம். முனியாண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அவர் கட்டினது அல்லவா?

“முறுக்கணும்,” என்றார். காலில்லாத இடத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

அக்கா அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தாள். அவளுடைய சீட்டு இருந்த இடம் வெறும் தகரம். அதில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். குனிந்து, அவர் முழங்காலுக்குக் கீழே கையை நீட்டி, ஆக்சிலேட்டரை ஒரு கையால் அழுத்தினாள். இன்னொரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். எஞ்சின் உறுமியது. விசில் வந்தது.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். “இன்னும்,” என்றார். அவள் இன்னும் அழுத்தினாள். பூட்டிக் கிடந்த லயத்து வீடுகளின் கதவுகள் எல்லாம் அதிர்ந்தன. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியாது. அக்காவின் முதுகு வியர்வையில் நனைந்துவிட்டது.

திடீரென்று ஊன்றியிருந்த கையை அவள் வெடுக்கென்று எடுத்தாள். சத்தம் குறைந்தது.

“சுடுதுங்க,” என்றாள்.

“எங்க?” என்று கேட்டார் மாமா.

அக்கா இடத்தைக் காட்டினாள். அவர் குதிகால் இருந்த இடம். மாமா குனிந்து தொட்டுப் பார்க்க முயன்றார், அவருக்கு எட்டவில்லை.

“அங்க ஒரு தகடு இருந்துச்சு,” என்றார். “எங்க வச்சேன்னு தெரியல.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே தகட்டு மறைவில் அடுப்பு காற்றில் அணையாமல் எரிய, அவருக்கு வைத்த கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

“தேடிப் பாக்கலாங்க,” என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடியும் குனிந்து அழுத்தினாள்.